பிறவிக் கொழுப்பு

மார்ச் 4

தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். பதினொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. படித்துவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

போன மாதம் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்தது. இதய ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை, மெதுவாக நடக்கிறேன்.

டாக்டரம்மா என் குதிகாலுக்கு மேலே தடித்திருந்த நரம்பை அழுத்திப் பார்த்து, "உங்க அப்பாவுக்கும் இப்படி இருந்துதா?" என்று கேட்டார். இருந்தது. செருப்பு உரசித் தடித்தது என்றுதான் அப்பா சொல்வார். அது கொழுப்புப் படிவாம். பிறவியிலேயே வருகிற கொலஸ்ட்ரால். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பட்டினி கிடந்தாலும் போகாது. வலி கிலி எதுவும் காட்டாமல் சின்ன வயதிலிருந்தே குழாயின் உட்சுவரில் படிந்துகொண்டே வருமாம்.

நீயும் ரத்தம் கொடுத்துப் பார். உன் மகளுக்கும் பார். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அண்ணன்

*

மார்ச் 19

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டர் சொல்லும்வரை லிஃப்ட் பக்கம் போகாதே.

பரிசோதனை செய்தோம். எனக்குக் கெட்ட கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு. நூற்றுக்குள் இருக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் தாளை இரண்டு முறை வாங்கிப் பார்த்து, "இந்த ஒல்லிக்குச்சி உடம்புலயா?" என்றார். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்திடி" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் முறைப்பேனே. மனுஷர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் ஊரார் கண்ணையெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். என் கருவிழி ஓரத்து வெள்ளை வளையத்தை மட்டும் வயசாகிறது என்று விட்டுவிட்டேன். முப்பத்தேழில் என்ன வயசு, அதுவும் இந்தக் கொழுப்புதானாம். கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் எடுத்தார்கள். சுவர் தடித்திருக்கிறது, ஓரிடத்தில் படிவு. அடைப்பு இல்லை.

சிட்டுக்கும் இருக்கிறது. என் மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒன்பது வயசு.

ஆஸ்பத்திரி சேதி இவ்வளவுதான். இனி நான் கேட்பதற்குப் பதில் எழுது. அப்பா மாரடைப்பில் போன அன்று எல்லார் முன்னாலும் என்னை வாசலில் நிறுத்தி, "நீ ஓடிப்போய்ப் பண்ணின கல்யாணந்தான் அவரைக் கொண்டுபோச்சு, உள்ளே வராதே" என்றாய். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். இத்தனை வருஷமாக அதை நம்பிக்கொண்டும் இருந்தேன். இப்போது என்ன சொல்கிறாய்?

தங்கை

*

ஏப்ரல் 2

தங்கைக்கு,

மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கல்யாணம் காரணமில்லை. நீ பிறப்பதற்கு முன்பே அப்பாவின் குழாய்கள் அடைபடத் தொடங்கியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அவர் போய் ஒரு மாதம் கழித்து பீரோவை ஒழித்தபோது அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்தது. உன் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி. கொலஸ்ட்ரால் நானூற்றுப் பத்து. கீழே சிவப்பு மையில், 'இதய மருத்துவரை உடனே பார்க்கவும், பிள்ளைகளையும் பரிசோதிக்கவும்' என்று எழுதியிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

புரியாமல் வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். புரிந்தது. உன்னிடம் காட்டினால் அன்று சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும். உன்மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. பிள்ளைகள் என்றால் நானும்தான் என்பதுகூட உறைக்கவில்லை. எனக்கு என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன்

*

மே 5

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. முதல் வாரம் கடையில் இரண்டு லென்ஸைத் தப்பாக வெட்டினேன்.

தாளை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். "அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா என் குழாய் சுத்தமா இருந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"இதைவிட நல்லா இருந்திருக்கும்" என்றார். பூசி மெழுகத் தெரியாத மனுஷர். "ஆனா உங்க பொண்ணுக்கு நேரத்தோட கண்டுபிடிச்சிட்டோம். அவளுக்கு இன்னும் ஒண்ணும் படியலை."

உன் மார்ச் கடிதம் வராவிட்டால் அதுவும் இல்லை. தாளை மறைத்தவனும் நீ, கடிதம் எழுதியவனும் நீ. யாரை நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் அளவு நூற்றிருபதுக்கு இறங்கியிருக்கிறது. சிட்டுதான் மாத்திரை விழுங்க அடம்பிடிக்கிறாள். "என் கிளாஸ்ல யாருமே சாப்பிடறதில்ல" என்று ஒரே பாட்டு. "உன் மாமாகூடச் சாப்பிடறார்" என்றேன், வாய் தவறி.

"எனக்கு மாமா இருக்காரா?"

இருக்கார் என்றேன்.

கோபம் போகவில்லை. போகும் என்று இப்போது சொல்லவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையில் உன் மாத்திரையைப் போடாமல் எடுத்துக்கொண்டு வா. எப்படி விழுங்குவது என்று அவளுக்குக் காட்டு. என்னோடு பேச ஒன்றும் அவசரமில்லை.

தங்கை