நாத்தனார் முடிச்சு

சோழவந்தான்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எந்தக் கடலில் இருந்தாலும் சுகமாக இரு. போனில் பேசினால் அம்மா அழும், நீ கத்துவாய். அதனால்தான் மெயில்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். பெண் திவ்யா, வில்லாபுரத்துக்காரி, மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஆவணி வளர்பிறையில் முகூர்த்தம். பாய்மரத்தில் நீ ஏறி நிற்கும் படத்தைக் காட்டினேன். "ஒங்க அக்காவுக்கு எம்புட்டு தைரியம்" என்றாள். அம்மா மட்டும் நீ சிங்கப்பூரில் டீச்சராக இருக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. நீயும் மாற்றிச் சொல்லிவிடாதே.

இன்னொன்று. தாலியில் முதல் முடிச்சை நான் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவதுதானே வழக்கம். அதை விருமாண்டி பெரியப்பா மகள் ராக்கம்மாள் போடட்டும் என்கிறார்கள். "புருசன அத்துக்கிட்டு வந்தவ கை தாலியில படக்கூடாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ வந்து முன்னால் நின்றால் போதும். அப்படியே இங்கேயே இருந்துவிடு. தீவு தீவாகச் சுற்றியது போதும்.

உன் தம்பி
அழகுபாண்டி


குபாங், தீமோர் தீவு
20 ஜூன் 2025

என் செல்லத் தம்பிக்கு,

செய்தி படித்ததும் படகு முழுக்க இனிப்பு கொடுத்தேன். படகு முழுக்க என்றால் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். படகின் சொந்தக்காரி, கோவாவைச் சேர்ந்த ஃபிலோமினா உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். வாங்கிக்கொள், திவ்யாவிடம் சொல்லாதே.

ஆனையூர்ப் பள்ளியில் டீச்சராக இருந்தபோது வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டிய தீவுகளில் இப்போது கால் வைத்து நடக்கிறேன். நேற்று சந்தையில் ஒருத்தி பனங்கருப்பட்டி விற்றாள். நம் ஊர்க் கருப்பட்டி வாசம் அப்படியே. மரம் ஏறுவது வீட்டுக்காரர், விலை சொல்வது அவள். பேரம் பேசினேன், திட்டினாள். பாஷை தெரியாமலே ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

இனி உன் 'இன்னொன்று'க்கு வாரேன். இந்தப் படகில் பாய் கட்டும் கயிறெல்லாம் என் கை முடிச்சு. காற்று பாயைப் பிடித்து உதறும்போது எங்கள் மூன்று பேர் உயிரும் அதில்தான் இருக்கிறது. ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. அத்துக்கிட்டு வந்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அடித்தான், அத்துவிட்டேன். அதற்காக உனக்கு அக்கா இல்லை என்று ஆகிவிடுமா?

அந்த இரண்டு முடிச்சும் எனக்குரியது. கொடுத்தால் வாரேன். சும்மா முன்னால் நிற்பதற்கு ராக்கம்மாளைக் கூப்பிடு. யாராவது கேட்டால் நான் சிங்கப்பூரில் இல்லை, கடலில் இருக்கிறேன் என்று சொல்.

பாண்டீஸ்வரி


சோழவந்தான்
4 ஜூலை 2025

அக்கா,

கருப்பட்டிக் கதை ருசியாக இருந்தது. மீதி தொண்டையிலேயே நிற்கிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ சொல்றது நெசந்தான்டா. ஊருக்கு யாரு பதில் சொல்றது" என்று சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டது. நீ முடிச்சு போட்டால் பந்தலில் இருக்க மாட்டேன் என்கிறார் பெரியப்பா. அப்பா போனபிறகு நம் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்கிறார். உனக்கென்ன, காற்றடித்தால் அடுத்த தீவுக்குப் போய்விடுவாய். நான் இந்த ஊரில்தான், இந்த வெற்றிலைக் கொடிக்காலில்தான் கிடக்கணும்.

மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் பயமாக இருக்கிறது. சுமங்கலி கை போட்டால்தான் தாலி நிலைக்கும் என்று எல்லோரும் சொல்லும்போது, ஏதாவது ஆகிவிட்டால் என்று தோன்றுகிறது. எனக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

அழகு


வைங்காப்பு, சும்பா தீவு
19 ஜூலை 2025

தம்பி,

பெரியப்பா சொன்னது என்னைச் சுடவில்லை. அவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? உனக்குப் பயம் என்றாயே, அதுதான் சுட்டது.

ஒன்று கேட்கிறேன். என் கழுத்தில் முடிச்சு போட்டது யார்? தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக என் நாத்தனார். நல்ல சுமங்கலிதான். அவள் கண் முன்னால்தான் அவள் தம்பி என்னை அடித்தான். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவள் கை ராசி, என் கை ராசியில்லையா?

முந்தாநாள் இங்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். குன்றின்மேல் உயர உயரமாகக் கூரை வேய்ந்த வீடுகள், வாசலிலேயே முன்னோர் கல்லறைகள். உட்கார்ந்ததும் வீட்டுக்காரி தட்டு நீட்டினாள். பாக்கு, சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் பதிலாக அந்தக் கொடியின் காய். கொடிக்காலில் பிறந்து வளர்ந்தும் வெற்றிலைக்கொடி காய்க்கும் என்று எனக்குத் தெரியாது. வாங்காவிட்டால் அந்த வீட்டை அவமதித்ததாக அர்த்தமாம். புருஷன் இருக்கிறானா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் அத்துக்கிட்டு வந்தபிறகு நம் பக்கத்து விசேஷங்களில் தாம்பூலத் தட்டு என்னைத் தாண்டித்தான் போகும். நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். வாய் சிவக்க மென்றேன், அழுகை வந்துவிட்டது. சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தட்டு தாண்டிப் போகும் பந்தலுக்கு இனி வர மாட்டேன், அது உன் பந்தலாக இருந்தாலும். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கணும். அதற்கு என் கை குறுக்கே வராது என்று நீயே ஒருநாள் நம்பினால் எழுது. அதுவரை எழுதாதே.

பாண்டீஸ்வரி


சோழவந்தான்
2 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்தது. முக்கால்வாசி முடிந்தது என்று சொல்லணும்.

முதல் முடிச்சு போட்டேன். ராக்கம்மாள் கை நீட்டியது. "வேணாம்க்கா, மத்தது பாண்டீஸ்வரி அக்காவுக்கு" என்றேன். மேளக்காரர் நிறுத்துவதா அடிப்பதா என்று முழித்தார். "என்னடா கூத்து இது" என்று பெரியப்பா எழுந்து வெளியே போனார். யாரோ, சிங்கப்பூரிலிருந்து வரவில்லையா என்று கேட்டார்கள். நம் அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சிங்கப்பூர்ல இல்ல. எம்மக பாய்க்கப்பல் ஓட்டுறா" என்றது.

திவ்யாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். தலைகுனிந்தபடியே சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "கயிறு நழுவும், இதக் குத்துங்க. மதினி வந்து போடட்டும்" என்றாள். குத்தினேன்.

பெரியப்பா பந்திக்கு மட்டும் திரும்பி வந்தார். இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

திவ்யா அந்த ஊக்கோடுதான் கடையில் இருக்கிறாள். மாத்திரை வாங்க வருகிறவர்களெல்லாம் என்னம்மா இது என்று கேட்கிறார்கள். உன் கதையைச் சொல்லித்தான் மாத்திரையைக் கொடுக்கிறாள்.

பயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அது உன் கையை நினைத்து இல்லை. வந்து அந்த இரண்டையும் போட்டுவிட்டுப் போ. இங்கேயே இரு என்று இனிமேல் கேட்க மாட்டேன். தாம்பூலத் தட்டு உனக்குத்தான் முதலில். நம் கொடிக்கால் வெற்றிலை.

உப்புக்காற்றில் ஊக்கு துருப்பிடிக்கும் என்பாய். இங்கே அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. ஆனாலும் அதற்குள் வந்துவிடு.

உன் தம்பி
அழகுபாண்டி