நெல்மூட்டைக் கட்டு

என் வீர மருமகளே,

பவனி தொடங்கும் மாங்கேணியில் நிற்கும் உன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்படுமுன், கைப்பிடியில் கட்டியிருக்கும் இந்தக் கடிதத்தை வாசி.

கிரானில் உன் வண்டியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, கோடி நெல்மூட்டை கட்டிய இதே கையால் கட்டினேன். பூமி பிளந்தாலும் அவிழாத கட்டு! ஆனால் மூட்டைக்கு ஸ்பிரிங் இல்லை. உன் வாகனத்துக்கு இருக்கிறது. ஓட்டமாவடிப் பள்ளத்தில் அது துள்ளிய துள்ளில் கயிறு இளகிவிட்டது.

"மாமா, சரியுது! விட்டுப்போட்டுக் குதிங்க!" என்று ஓட்டிவந்த திவாகரன் கத்தினான்.

"போடா மடையா, என்ட மருமகள் ரெண்டு வருசமாப் பாத்திருந்த பவனிடா!" என்றபடி பெட்டிக்குள் நின்ற நான் கட்டிப்பிடித்தேன். ஏழு யானை சாய்ந்த பாரம். உன் வண்டியில் ஒரு கீறல் இல்லை. மிச்ச வழி அதையும் இந்தக் கடிதத்தையும் கொண்டுவந்தவன் திவாகரன்தான்.

கையெழுத்து மாமியுடையதாக இருக்கிறதே என்று யோசிக்காதே. "உள்ளதச் சொல்லுங்க, இல்லாட்டி எழுதமாட்டன்" என்கிறாள். சரி. ஆஸ்பத்திரியில் என் வலக்கைக்குப் பொன்னாடைபோல் வெள்ளைப் பிளாஸ்டர் போர்த்திக் கௌரவித்திருக்கிறார்கள். அதில் முதல் கையொப்பம் உன்னுடையது. பவனி முடித்துவிட்டு வா. பாதியில் திரும்பினால் கதவு திறவேன்.

இப்படிக்கு,
ஒற்றைக் கையால் உலகாளும் உன் மாமா