பார்க்காமல் எழுதிய டைபாய்டு

மடாங், செவ்வாய்

அன்புள்ள அம்மா,

மலைமேல் கோரோகாவில் உன் முழங்கால் வலி தேவலையா? எனக்குப் போன வாரம் லேசான காய்ச்சல், இப்போது விட்டுவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தமே எடுக்காமல் டைபாய்டு மாத்திரை எழுதினார், ரத்தப் பரிசோதகியான எனக்கே! நானே என் ரத்தத்தைப் பார்த்தேன். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை; சிவப்பணுக்களுக்குள் மலேரியாக் கிருமி. மலேரியா மருந்தைத் தின்றுவிட்டு டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

"எதைப் பாத்து டைபாய்டுன்னீங்க?"

"இங்க எல்லாருக்கும் அதான் வருது."

எனக்குப் பொறுக்கவில்லை. வார்டில் அதே மாத்திரை தின்ற ஆறு பேரின் ரத்தத்தையும் பார்த்தேன். நாலு பேருக்கு மலேரியா! முடிவுகளை அவர் மேசையில் வைத்தேன்.

"எனக்கு ரத்தம் பாக்கத் தெரியும், பாத்துக்கிட்டேன். இவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

அந்த நாலு பேருக்கும் மருந்தை மாற்றினார்.

உன் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. இங்கே கடலோரத்தில் குளிரே இல்லை, இருந்தாலும் அனுப்பு. கோரோகா வண்டிக்காரர் கடிதத்துக்காக ஹாரன் அடிக்கிறார்.

உன் மகள்,
ஜெலிண்டா