மலாய் பேசிய பெரியம்மா

ஆறாங்கட்டைத் தோட்டம்,
சுங்கை சிப்புட்.
3.8.1975

அன்புள்ள கார்த்திகேசு அண்ணனுக்கு,

பத்துமலை எழுதுவது. நானும் செல்லாயியும் சுகம். ஊரடங்கும் சுகமாகத்தான் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தால் விடிந்த பிறகுதான் எழுந்து போகிறது. நான் டிரசராக மருந்து கொடுக்கிற தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகள்கூட அதை மதித்துப் பகலிலேயே நோய்ப்படுகிறார்கள்.

ஓர் உதவி வேண்டும். ஈப்போவில் நாம் ஒரே அறையில் குடியிருந்தபோது பக்கத்து அறைக்காரர்களைக் காலிசெய்ய வைத்தோமே, அந்தக் கித்தாரை இன்னும் வைத்திருக்கிறேன். தோட்டத்து இசைக்குழுவில் வாசிக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் கித்தாரின் துளையில் சத்தம் பிடிக்கிற ஒரு பிக்கப்பை மாட்டி, வயரை ஒலிபெருக்கியில் செருகிவிட்டார்கள். பந்தல் முழுக்கக் கேட்டது தந்திமேல் என் விரல் தேய்கிற சத்தம்தான். பெண்ணின் மாமா மேடைக்கு அடியில் எலி தேடினார்.

தை மாதம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. அதற்குள் வீட்டிலேயே மெதுவான சத்தத்தில் பழக ஒரு சின்ன அம்ப்ளிபையர் பார்த்துச் சொல்லுங்கள். ஜெனரேட்டரைப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள் என்பதால் பேட்டரியில் ஓட வேண்டும். சத்தம் வீட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் போலீஸ் காட்டுப்படை முகாம் போட்டிருக்கிறது. "சத்தம் கேட்டா மொதல்ல சுட்டுட்டு, அப்புறந்தான் என்னா பாட்டுன்னு கேப்பானுங்க" என்று கங்காணி சொல்கிறார்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

அன்புத் தம்பி,
பத்துமலை

*

ஈப்போ,
24.8.1975

அன்புள்ள பத்துமலை,

உமது கடிதம் கண்டேன். எலியைப் பற்றி வாசித்து அம்பிகை சிரித்தாள். இந்த வீட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை.

இரண்டு சனிக்கிழமைகளை உமக்காகச் செலவழித்தேன். சீனர் கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன. முதலாவதை முடுக்கியதும் கடைப் பூனை வெளியேறியது. நான் புறப்படும்வரை திரும்பவில்லை. இரண்டாவது மின்சாரக் கித்தாருக்கென்று செய்தது. எதை வாசித்தாலும் அதில் கொஞ்சம் சரளைக்கல் சேர்த்துத்தான் வெளியே விடும். "எத்தனை வாட்?" என்று கேட்டேன். கடைக்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். வாட்டை நம்பி வாங்காதீர், காதை நம்பி வாங்கும்.

மூன்றாவது பிஸ்கட் டின் அளவு. ஜப்பானில் செய்தது, மரப்பெட்டி. சத்தத்துக்கு ஒரு திருகு, குரலைத் தடிக்கவும் மெலியவும் வைக்க ஒரு திருகு. அதில் கடைக் கித்தாரை மாட்டி வாசித்தேன். நான் விட்ட பிழைகளை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னது. சாதாரணக் கித்தாருக்கு இப்படி நேர்மையான பெட்டிதான் வேண்டும். அதையே வாங்கிவிட்டேன்.

கூடக் கொடுத்த வயர் குட்டை. அழைப்புமணிக்குப் போடுகிற வயர் நீளமாக வாங்கி, இரண்டு முனைக்கும் நானே செருகி பொருத்தியிருக்கிறேன். பெட்டியை அடுப்படியில் வைத்து நீர் கூடத்தில் இருந்து வாசியும். பிறர் காதில் எப்படி விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வருட உத்தரவாதம் உண்டு; பில்லில் என் பெயரையும் அலுவலக முகவரியையும் எழுதச் சொன்னேன். அரசாங்க உத்தியோகத்தன் என்றால் ஒரு மதிப்பு.

பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். "உந்தப் பெட்டி போனால்தான் எனக்கு நிம்மதி. நாலு நாளாய் அதோடை தானே கதைச்சுக் கொண்டிருக்கிறியள்" என்கிறாள் அம்பிகை.

அன்புடன்,
கார்த்திகேசு

*

ஆறாங்கட்டைத் தோட்டம்,
14.9.1975

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டி வந்தது. அருமையான பெட்டி. ஒரு வாரம் வாசித்தேன். எலி பாதியாகக் குறைந்தது.

வியாழக்கிழமை அது பேசியது.

நான் வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். அடுப்படியிலிருந்து ஓர் ஆண் குரல், மலாயில், கொஞ்சம் கோபமாக. செல்லாயி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னாங்க, பெட்டிக்குள்ள யாரோ எண்ணிக்கிட்டு இருக்கான். சீக்கிரம் அடைங்கலா" என்றாள். திருகைக் குறைத்தேன். குரல் தணிந்த பிறகும் எண்கள் தெளிவாகவே கேட்டன. எண்களுக்குப் பிறகு நம் தோட்டத்துப் பாலத்தின் பெயர் வந்தது. பாலத்தைத் தாண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதும் வந்தது. மறுநாள் காலையில் காட்டுப்படையினர் அந்தப் பக்கமாகவே நடந்து போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

அண்ணே, காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகள் தெரிந்துகொள்ள விரும்புகிற செய்தி என் அடுப்படியில் வந்து விழுகிறது. யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? கல்யாணத்துக்குப் பழகினேன் என்றா? கமுந்திங் தடுப்பு முகாமில் இரண்டு வருஷம் வைக்க விசாரணைகூட வேண்டாமாம். நீட்டிக்கவும் வேண்டாமாம். நம் பக்கத்துத் தோட்டத்து மாயாண்டி ஒரு புத்தகத்துக்காகப் போனான். அதையும் அவன் படித்து முடிக்கவில்லை.

பேசாத பெட்டி ஏதாவது கடையில் இருந்தால் மாற்றித் தாருங்கள். சத்தம் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பத்துமலை

*

ஈப்போ,
21.9.1975

அன்புள்ள பத்துமலை,

வாசித்தவுடன் இதை எரித்துவிடும். சாம்பலையும் அடுப்பில் விடவேண்டாம்.

காரணம் பெட்டி அல்ல, வயர். நல்ல வயரில் உள்ளே கம்பிவலை ஒரு கவசமாகச் சுற்றியிருக்கும். நான் பொருத்திய மணி வயருக்கு அது இல்லை. அத்தனை நீளத்துக்கு அது ஒரு ஏரியலாகிப் போலீஸ் வயர்லெஸ்ஸைப் பிடிக்கிறது. கடைக்காரர் கொடுத்த குட்டை வயரைப் போட்டால் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் மாற்றாதீர். மாற்றினால் உமக்கு விஷயம் தெரிந்திருந்தது என்றாகும். பெட்டியைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, எந்தச் சாவடியில் பேசத் தொடங்குமோ தெரியாது. புதைக்காதீர், புதைத்ததைத் தோண்டுவது அவர்களுக்குப் பிடித்த வேலை. வாசிக்காமலும் இருக்காதீர், திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். வாசித்துக்கொண்டே கேட்காமல் இரும்.

இனிக் கடிதங்களில் அதைப் பெயர் சொல்லி எழுதவேண்டாம். கடிதங்களைப் பிரிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கதை. "பெரியம்மா" என்று எழுதும்.

பில் என் பெயரில் இருப்பதை நான் மறக்கவில்லை. இரவில் அம்பிகை "ஏன் புரண்டு கொண்டிருக்கிறியள்?" என்கிறாள். மழை என்றேன். மழை பெய்யவில்லை.

கா.

*

ஆறாங்கட்டைத் தோட்டம்,
30.11.1975

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியம்மா சுகமாக இருக்கிறார். சென்ற வாரம் மூன்று தடவை மலாயில் பேசினார். போலீசார் எங்கே தங்குவார்கள் என்பதையும் சொன்னார். போர்வையைப் போர்த்தி வைத்திருக்கிறேன், அப்படியும் கேட்கிறது.

எழுதிய பிறகு மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். பெட்டி என்றே எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த மாதம் ஈப்போ தெருவில் பெரிய போலீஸ் அதிகாரியைச் சுட்டதிலிருந்து இங்கேயும் வீடு வீடாகச் சோதனை. புதன்கிழமை இருட்டுகிற நேரத்தில், நல்ல மழையில், கதவு தட்டப்பட்டது. செல்லாயி விளக்கை அணைத்தாள். அணைத்தால் சந்தேகம் வரும் என்று நான் ஏற்றினேன். வாசலில் காட்டுப்படை சார்ஜன்ட், நம்மவர்தான், ஜெயபாலன் என்று பெயர். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர்.

"அண்ணே, ஒங்க வீட்டுல எங்க பெரிய ஐயா பேசுறாராம்? பையனுங்க ரோந்து வந்தப்ப கேட்டானுங்களாம்" என்றார்.

எந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போவது என்று மட்டும் யோசித்தேன். இரண்டில் ஒன்று துவைக்கப் போட்டிருந்தது.

"எங்க வயர்லெஸ் செட்டு ரோசாக்லா. மழத்தண்ணி பூந்து கெட்டுப் போச்சு. தைப்பிங்லேர்ந்து வேற வர்ற வரைக்கும் ஒங்க பெட்டியில ஆர்டர் கேட்டுக்கிறோம். கொஞ்சம் சத்தமா வைங்க" என்றார்.

வைத்தேன். செல்லாயி தேநீர் போட்டாள், கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன. "ஜெயபாலன் எங்கே தொலைந்தான்?" என்று பெட்டி மலாயில் கத்தியது. பதில் சொல்லப் பெட்டிக்கு வழியில்லை. அவர் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, "யெஸ் சார்" என்றார்.

இரண்டு நாள் வந்தார்கள். புது செட்டு வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். எலிச் சத்தம் கேட்கிறதா என்றேன். இல்லை என்றார் சார்ஜன்ட். அவர்கள் இருக்கும்போதே குட்டை வயரையும் மாற்றிவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை அண்ணே. எல்லாம் நலம். தைக் கல்யாணத்துக்கு நீங்களும் அண்ணியும் கட்டாயம் வரவேண்டும்.

அன்புத் தம்பி,
பத்துமலை

*

ஈப்போ,
8.12.1975

ஐயா,

தங்களுடைய 30.11.1975 தேதியிட்ட கடிதம் தவறுதலாக எனக்குக் கிடைத்தது.

"பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நாட்களில் எவரும் தாமாக அவ்வாறு எழுதுவதில்லை. பக்கத்தில் யாரேனும் நின்று சொல்லச் சொல்லத் தாங்கள் எழுதியிருந்தால், அந்தப் பெரியவருக்கும் என் மரியாதையான வணக்கம். அரசாங்கத்திடம் எனக்குள்ள விசுவாசத்தை என் இருபது வருடச் சேவைப் பதிவில் அவர் பார்த்துக்கொள்ளலாம்.

தங்களுக்கும் எனக்கும் எக்காலத்திலும் பழக்கம் இருந்ததில்லை. தாங்கள் குறிப்பிடும் பெட்டி எதையும் நான் வாங்கவோ அனுப்பவோ இல்லை. தங்களுடைய பெரியம்மாவையும் எனக்குத் தெரியாது. இனி இந்த முகவரிக்கு எழுதாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் எதிர்ப்படும் நிலை ஏற்பட்டாலும் தாங்கள் தங்கள் வழியிலும் நான் என் வழியிலும் போவது இருவருக்கும் பாதுகாப்பு.

தங்கள் கித்தாரில் மூன்றாம் தந்தி எப்போதும் கொஞ்சம் இறங்கியே நிற்கும். கல்யாணத்துக்கு முன் கவனிக்கவும்.

தங்களை அறியாத,
கார்த்திகேசு

*

ஈப்போ,
10.12.1989

அன்புள்ள பத்துமலை,

இந்தக் கடிதம் உமக்குக் கிடைக்குமோ தெரியாது. தோட்டத்து முகவரிக்கே போடுகிறேன்.

ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, காட்டிலிருப்பவர்கள் வெளியே வருகிறார்கள் என்று பேப்பரில் படம் போட்டிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். இந்த வருடம்தான் எனக்கும் ஐம்பத்தைந்து முடிந்து பென்ஷன் ஆனது. இரண்டும் சேர்ந்து வந்ததில் வீட்டில் பயப்பட எதுவும் இல்லாமல் மாலை நேரம் வெறுமையாக இருக்கிறது. அம்பிகை போய் மூன்று வருடமாகிறது. கடைசிவரை உம்மை எலிக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை எழுதுவது வேறு விஷயமாக. நேற்று அந்தக் கடைப்பக்கம் போனேன். இப்போது மகன் நடத்துகிறார். சாதாரணக் கித்தாருக்கென்றே ஒரு சின்ன அம்ப்ளிபையர் வந்திருக்கிறது. கித்தாருக்கு ஒரு துளை, பாடுகிறவர் மைக்குக்கு ஒரு துளை. வயரும் கவசம் போட்டதுதான், நானே முனையைக் கழற்றிப் பார்த்தேன். பழைய பெட்டி இதற்குள் தேய்ந்திருக்கும். உமக்கு வேண்டுமென்றால் எழுதும், வாங்கி வைக்கிறேன். பில் என் பெயரிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கார்த்திகேசு

*

புந்தோங்,
ஈப்போ.
27.12.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி இங்கே வந்து சேர்ந்தது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நாங்கள் 1980இலிருந்து புந்தோங்கில்தான் இருக்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் சந்தைக்கு இந்தப் பக்கம்.

நீங்கள் சனிக்கிழமைகளில் சந்தைக்கு வருவதை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்குகிறீர்கள். அண்ணி வருவது நின்றபோது கேட்க நினைத்தேன். நமக்குள் பழக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கவில்லை. அண்ணி போன செய்தி தெரியாததால் செல்லாயி அப்போது துக்கத்துக்குக் குளிக்கவில்லை, இப்போதுதான் கடிதத்தைக் காட்டினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு தடவை மழைக்கு மீன்கடைத் தகரத்தின் கீழே நீங்களும் நானும் ஒதுங்கி நின்றோம். என்னைப் பார்த்து மணி கேட்டீர்கள். சொன்னேன். நன்றி சொன்னீர்கள். என்னைத் தெரியாமல் கேட்டீர்களா, தெரிந்துதான் கேட்டீர்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஜெயபாலன் கதவைத் தட்டியபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. வந்தால் அதை மட்டும் சொல்லிவிடுங்கள். எந்தப் பதிலாக இருந்தாலும் தேநீர் உண்டு.

புதுப் பெட்டி வேண்டாம். பழையது ஓடுகிறது. குட்டை வயர் போன வருஷம் அறுந்துவிட்டது, உங்கள் மணி வயரையே திரும்பப் போட்டிருக்கிறேன். இப்போது அதில் டாக்சிக்காரர்கள் பேசுகிறார்கள். மூன்றாம் தந்தியை அன்றே ஏற்றிவிட்டேன். மறுபடி இறங்கிவிட்டது.

வருவதானால் முன்கூட்டி எழுதவேண்டாம். கதவைத் தட்டினால் செல்லாயி இன்னமும் முதலில் விளக்கைத்தான் அணைக்கிறாள். அதனால் தட்டிவிட்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகச் சொல்லவேண்டும்.

தங்களை அறிந்த,
பத்துமலை