அம்மா படிப்புக்கு அங்கீகாரம் வந்துவிட்டது

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தென்றலுக்கு,

அப்பா எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் கனிஷ்காக் குட்டியும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது மாமாவுக்கு எதற்குக் கடுதாசி என்று மாப்பிள்ளை சிரிப்பார். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று, பீத்திக்காதீங்க, வைங்க என்று பிடுங்கிவிடுகிறாள். இன்று நான் பீத்திக்கொள்ளத்தான் போகிறேன்.

அவள் படித்த மழலையர் கல்வி டிப்ளமாவுக்கு அங்கீகாரம் வந்துவிட்டதடி! நர்சரியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பாஸும் செய்தவளிடம், உங்க காலேஜு படிப்புக்கு அங்கீகாரம் இல்ல, சர்டிபிகேட்டு செல்லாது, ஆயாவாவே இருங்க என்று சொன்னார்களே, அன்றைக்கு அவள் சோறே தொடவில்லை. போன மாதம் அந்தக் காலேஜுக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து குழு வந்தது. அங்கே படித்தவர்கள் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பார்களாம், அதற்கு உன் அம்மா வேலை செய்யும் நர்சரியைத்தான் காட்டினார்கள். பிரின்சிபால் சொர்ணாம்பாள் அம்மா பயந்துபோய், ஏபிசிடியும் ரைம்ஸும் உருப்போட வைங்க என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். இவள் கேட்டாளா? எங்கள் கம்பெனியிலிருந்து பீங்கான் கப்புகளை, நல்லதும் மயிரிழை விரிசல் விட்டதும் கலந்து வாங்கிவரச் சொன்னாள். ஆபீசருங்க எதிர்ல போட்டு உடைக்கப் போவுதுங்க என்று கத்தினேன். நீங்க சூளையப் பாருங்க, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன் என்று வாயை அடைத்துவிட்டாள்.

நம் ஊர்ப் பிள்ளைகளாச்சே, அப்பன் ஆத்தா செய்வதைப் பார்த்தவை, ஒவ்வொரு கப்பையும் விரலால் சுண்டிக் காதில் வைத்து, கணீருன்னு கேட்டா இது பாஸு, மொத்தமா கேட்டா விரிசல், இது செகண்ட்ஸு என்று தனித்தனியாகப் பிரித்தனவாம். குழுவில் வந்த ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து, டீச்சர் என்ன சொல்லித் தராங்க என்று நம் எதிர்வீட்டு நந்தகுமார் மகள் இனியாவைக் கேட்டிருக்கிறார்கள். அந்த வாயாடி, இவங்க டீச்சர் இல்ல, ஆயா, ஒண்ணும் சொல்லித் தரல, நாங்க வெளாடுறோம் என்றுவிட்டது! சொர்ணாம்பாள் அம்மா முகத்தில் ஈயாடவில்லையாம். உன் அம்மா வீட்டுக்கு வந்து, என்னால அத்தனை பொண்ணுங்க படிப்பும் போச்சுங்க என்று விக்கி விக்கி அழுதாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. கற்கிறோம் என்று தெரியாமலே பிள்ளைகள் கற்கிறார்கள், இந்தப் படிப்பின் சிறப்பே அதுதான் என்று எழுதி, இனியா சொன்னதையும் அப்படியே போட்டிருக்கிறார்களாம். நான் சூளையிலிருந்து ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து அவள் டீச்சர்.

கனிஷ்காவை இப்பவே எழுது எழுது என்று நச்சரிக்காதே, விளையாட விடு. இது நான் சொல்வதல்ல, படித்தவள் சொல்வது. இத்தோடு குட்டிக்கு ஒரு கப்பு அனுப்புகிறேன், சுண்டிப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறேன். அங்கே வந்ததும் குழந்தையைச் சுண்டச் சொல், போனில் கேட்கிறோம். நான் இப்படி எழுதினேன் என்று மட்டும் அம்மாவிடம் மூச்சுவிடாதே.

இன்று காலை இனியா வாசலில் நின்று டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டது. உன் அம்மா உள்ளிருந்து பதிலே பேசவில்லை. வேறு யாரையோ கூப்பிடுது என்று நினைத்தாளாம். நான்தான் எழுந்து போய், அன்புக்கரசி, உன்னத்தான் என்றேன்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
டீச்சர் வீட்டுக்காரர்
கொளஞ்சிநாதன்