விஜயதசமி அன்று இருண்ட லேப்டாப்

அக். 1, புதன். சரஸ்வதி பூஜை

காலையிலிருந்து தூறல். துணி உலரவில்லை. சுண்டலுக்கு ஊறவைத்த கடலை அதிகம், நாளைக்கும் ஓடும்.

பூஜையில் வைத்தவை: இவருடைய பாங்க் பேனா, என் பழைய பாடப்புத்தகங்கள், தையல் மெஷின், மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி (ஸ்கூட்டர் வாசலில் நனைகிறது, அதற்குத் தனிப் பொட்டு), லேப்டாப். சந்தனம் அரைப்பது நான், இடுவது இவர். கல்யாணமானதிலிருந்து இதே ஏற்பாடு. இவர் கை தாராளம். போன வருஷம் ஃபிரிட்ஜுக்கு இட்ட பொட்டு போன மாதம்தான் உதிர்ந்தது. நாமாகத் துடைக்கக் கூடாது, அதுவாக விழ வேண்டும்.

லேப்டாப்பை விரித்து வைத்திருந்தார். மூடினால் என்ன என்றேன்.

"மூடி வெச்சா சரஸ்வதி எப்படிப் பார்ப்பா?"

இன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இந்த நோட்டையும் பூஜையில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவளுக்குத் தெரியாததா.

எழுதக் காரணம் உண்டு. விண்ணப்பித்திருந்த வேலைக்கு மெயில் வந்துவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு டிரயல். மலையாள வீடியோவைப் பார்த்துத் தமிழில் சப்டைட்டில் போட வேண்டும். சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், கேமரா கடைசிவரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான், மறு வாய்ப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கான்ட்ராக்ட் முடிந்து போனதிலிருந்து "இப்ப என்ன பண்றேள்" என்ற கேள்விக்கு "ஆத்துலதான்" என்றே பதில். இந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

லேப்டாப் சந்துரு கழித்துப்போட்டது. சந்துரு: இவர் தம்பி, பெங்களூர், சாஃப்ட்வேர். அதில் விண்டோஸ் திறப்பதற்குள் காப்பி போட்டுக் குடித்து டம்ளரும் கழுவிவிடலாம். நாளை விஜயதசமி, தொட்டது துலங்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடப்போகிறேன். இங்கே கேரளத்தில் பள்ளிக்கூடங்களில் எல்லாம் லினக்ஸ்தான். லேப் முழுக்க நானே போட்டிருக்கிறேன். பென் டிரைவ் தயார்.

அக். 2, வியாழன்

மழை இல்லை. இவருக்கு லீவு. புனர்பூஜை முடிந்ததும் அரிசியில் ஹரிஸ்ரீ எழுதிவிட்டு நேரே லேப்டாப்.

பென் டிரைவ் சொருகி ஆன் செய்தேன். லோகோ பளிச்சென்று வந்தது. சுற்றியது. பிறகு இருட்டு.

காத்திருந்தேன். இருட்டு. அணைத்துப் போட்டேன். மறுபடி லோகோ, மறுபடி இருட்டு. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

மெனுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று ஒன்று உண்டு, திரை தகராறு செய்தால் கம்ப்யூட்டரைச் சாதாரண முறையில் எழுப்புவது. அதில் வந்தது. அப்படியே இன்ஸ்டால் செய்து முடித்தேன். ஜெயித்தோம் என்று பாயசம் கிளறப் போனேன். வந்து ரீஸ்டார்ட் செய்தால் லோகோ, இருட்டு.

சந்துருவுக்கு ஃபோன்.

"மன்னி, அந்த மாடலே அப்படித்தான். ஹார்ட்வேர் போச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கோ."

"நேத்து வரைக்கும் விண்டோஸ் நன்னாத்தானேடா தெரிஞ்சது?"

"நேத்து நேத்து, இன்னிக்கு இன்னிக்கு."

இதைச் சொல்லத்தான் அவனுக்கு அத்தனை சம்பளம்.

பாயசம் அடிப்பிடித்தது.

அக். 3, வெள்ளி

வெயில். அவியலுக்கு முருங்கைக்காய் கிடைக்கவில்லை.

செய்து பார்த்தவை:
– பூட் வரியில் நோமோட்செட் சேர்த்தேன். நேற்றைய சேஃப் கிராஃபிக்ஸ்தான், கையால் எழுதுகிறோம், அவ்வளவே. திரை தெரிகிறது. ஆனால் வீடியோ தத்தித் தத்தி ஓடுகிறது. வாய் அசைவது ஒரு நேரம், குரல் வருவது ஒரு நேரம். சப்டைட்டிலுக்கு உதவாது.
– லினக்ஸின் அடிமடியான கர்னலை மாற்றினேன். இருட்டு.
– பயாஸ் அப்டேட். அதில் தவறினால் லேப்டாப் எழவே எழாது. செய்தேன். இருட்டு.
– வேறு லினக்ஸ். அதே லோகோ, அதே இருட்டு.
– பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

நோமோட்செட்டில் இருக்கும்போது கேமராவைத் திறந்து பார்த்தேன். அதுவும் கறுப்பு. விளக்கு எரிகிறது, படம் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போச்சு. கேமரா இல்லாமல் டிரயலே கிடையாது.

லினக்ஸ் ஃபோரத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். மத்தியானம் ஏதோ தேசத்திலிருந்து ஒருவர் பதில்: உங்கள் மாடலில் திரையின் மேல் விளிம்பில் வெளிச்சம் அளக்கும் சென்சார் உண்டு, லினக்ஸ் அதைக் கேட்டுத் திரை வெளிச்சத்தைக் கூட்டும் குறைக்கும், அதன்மேல் ஸ்டிக்கர் ஏதும் ஒட்டியிருக்கிறதா?

எனக்குக் கோபம். ஸ்டிக்கர் ஒட்ட நான் என்ன ஹாஸ்டல் பெண்ணா. 'எதுவும் ஒட்டவில்லை' என்று எழுதினேன். வேறு யாரும் பதில் போடவில்லை.

அக். 4, சனி

மத்தியானத்துக்குமேல் இடி. துலா மாதம், அதாவது ஐப்பசி, பிறக்கும் முன்பே துலாவர்ஷ மழை வந்துவிட்டது.

கரமனையிலிருந்து பஸ்ஸில் பழவங்காடிப் பிள்ளையார் கோவில். முதலில் தேங்காய் உடைத்தேன். பக்கத்துச் சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை. கடைக்காரர் வேறொரு மானிட்டரைச் சொருகினார். அதில் எல்லாம் பளபளவென்று தெரிகிறது.

"சேச்சி, இதிண்டெ டிஸ்ப்ளே போயி. மாத்தணம்."

"லோகோ மட்டும் நன்னாத் தெரியறதே. டிஸ்ப்ளே போயெங்கில் அதெங்ஙனெ வரும்?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்துக் கடை டீயைப் பார்த்தார்.

"அதொரு சோத்யம்தன்னெ" என்று அது கேள்விதான் என ஒப்புக்கொண்டார். "வெச்சிட்டுப் போக்கோ, சொவ்வாழ்ச்ச நோக்காம்."

செவ்வாய்க்கிழமை எனக்கு எதற்கு? தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, மழைக்கு முந்தானையால் மூடிக்கொண்டு. கைக்குழந்தைக்குக்கூட யாரும் இத்தனை செய்யமாட்டார்கள்.

கேபிள் போட்டு ஹாலில் டிவியோடு இணைத்தேன். டிவியில் தெரிகிறது. கேமரா மட்டும் அதிலும் கறுப்பு.

"நாளைக்குக் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிடலாம், கேட்டயா" என்றார் இவர். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கினால் சந்துரு சொன்னது நிஜமாகிவிடும். வேலை கிடைத்தால் என் சம்பளத்தில் வாங்குவேன், அதற்கு முன்னால் வேண்டாம் என்றேன். இவர் போய் அப்பளம் பொரித்தார். எனக்கு அழுகை வந்தால் இவர் அப்பளம் பொரிப்பது வழக்கம்.

அக். 5, ஞாயிறு

ஜெயம். ஜெயம். ஜெயம்.

வரிசையாக எழுத வேண்டும், கை ஓடமாட்டேன் என்கிறது.

காலையில் மழை விட்டு நல்ல வெயில். ஹால் ஜன்னல் வழியே வெயில் நேராக லேப்டாப்பில் விழுந்தது. டிவியோடு சேர்த்துக் கேமராவை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். இன்று கறுப்பு இல்லை. டிவி முழுக்க ஒரே மஞ்சள். மங்கலான, திட்டுத் திட்டான மஞ்சள். கையால் வெயிலை மறைத்தால் கறுப்பு, கையை எடுத்தால் மஞ்சள்.

அப்படியென்றால் கேமரா போகவில்லை. எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. மஞ்சளாக எதைப் பார்க்கிறது?

குனிந்து லேப்டாப்பின் நெற்றியைப் பார்த்தேன். நெற்றி என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவில், மேல் விளிம்பில், எட்டணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். புதன்கிழமையிலிருந்து என் கண்ணெதிரே இருக்கிறது. நாள்தோறும் பார்க்கிறேன். ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டவருக்கு இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகப் பதில் எழுதினேனே, அப்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதினேன். நம் வீட்டில் பொட்டு ஒட்டின பொருள் ஆகுமா. ஃபிரிட்ஜுக்குக் கதவு மாதிரி, அதுவும் அதில் ஓர் அங்கம்.

கேமராவும் அங்கே, சென்சாரும் அங்கே. சென்சாருக்கு எப்போதும் அமாவாசை. இருட்டு அறையில் கண் கூசக் கூடாதே என்று லினக்ஸ் கரிசனமாகத் திரையைக் குறைத்துக்கொண்டே போய் அணைத்தே விட்டிருக்கிறது. விண்டோஸ் ஓடியதெல்லாம் பொட்டு இடுவதற்கு முன்னால், அதனால் அதில் தகராறு இல்லை. நோமோட்செட்டில் லினக்ஸால் வெளிச்சத்தைத் தொட முடியாது, அதனால் அதில் மட்டும் தெரிந்தது. எல்லாம் பொருந்துகிறது. கடையில் நான் கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான், இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈரத்துணி எடுத்தேன். பூஜைப் பொட்டைத் துடைப்பது இதுதான் முதல் தடவை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மா மன்னிச்சுக்கோ என்று சொல்லித் துடைத்தேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு பால் பொங்கி வருவதுபோல மெதுவாக, நிதானமாக, திரை முழுக்க வெளிச்சம் ஏறிற்று. டிவியில் என் முகம். தலை வாரவில்லை, நைட்டி, வாயெல்லாம் பல்.

நான் போட்ட சத்தத்தில் இவர் பல் தேய்க்கிற பிரஷோடு ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"உங்க சந்தனம்."

விளக்கினேன். கேட்டுவிட்டுக் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார்.

"நெத்தி அங்கதானே இருக்கு? பின்ன எங்க இடறது?"

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. இவருக்கும்.

ஃபோரத்தில் எழுதினேன்: தீர்ந்தது, சென்சாரின் மேல் சந்தனம் இருந்தது, எங்கள் பண்டிகை. அந்த ஏதோ தேசத்துக்காரர் நான்கு சிரிக்கும் முகங்களைப் போட்டு, சந்தனம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். நாளைக்குச் சொல்லலாம்.

அக். 6, திங்கள்

வானம் தெளிவு. பச்சைப் பருத்திப் புடவை. குக்கர் வைக்கவில்லை, டிரயல் நடுவில் விசில் வந்தால் மானம் போகும். மோர்சாதம் போதும் என்று இவரே சொல்லிவிட்டு பாங்குக்குப் போனார்.

கேமரா போட்டதும் அந்தப் பக்கத்துப் பெண்: "மேடம், உங்க வீடியோ ரொம்ப க்ளியரா இருக்கு." அவளுக்கு என்ன தெரியும்.

வீடியோ: ஒரு மீன்காரம்மா பேரம் பேசுகிற காட்சி. சாலைச் சந்தையில் இத்தனை வருஷம் மலையாளத்தில் பேரம் பேசிக் காய் வாங்கியது வீண்போகவில்லை. ஒரு வரியில்கூடத் தயங்கவில்லை. லேப்டாப்பும் தயங்கவில்லை. நேரம் மிச்சம். முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

நல்லபடியாகச் செய்தேன். எனக்கே தெரியும்.

அக். 7, செவ்வாய்

மேகமூட்டம். பால்காரன் வரவில்லை.

பதினொரு மணிக்கு மெயில். எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து வேலை. இரண்டு தடவை படித்தேன், பிறகு இவருக்கு ஃபோன். "எனக்குத் தெரியுமாக்கும்" என்றார். பக்கத்தில் கஸ்டமர் இருந்திருக்க வேண்டும், உடனே வைத்துவிட்டார்.

லேப்டாப்புக்குப் புதுப் பொட்டு இட்டேன். அடியில், ஓட்டையில்லாத இடமாகப் பார்த்து.

சாயங்காலம் வித்யா கூப்பிட்டாள், சந்துருவின் ஆத்துக்காரி. வேலை கிடைத்த செய்தி சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு:

"இங்க ஒரே ரகளை மன்னி. இவரோட ஆபீஸ் லேப்டாப் திரை மங்கிப் போச்சு. கண்ணைச் சுருக்கிண்டு வேலை பார்க்கறார். ஹார்ட்வேர் போச்சு, புதுசு வேணும்னு ஆபீஸ்ல கேட்டிருக்கார்."

"எப்பலேர்ந்து?"

"பூஜை லீவு முடிஞ்சு தொறந்ததுலேர்ந்து."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கேமரா வர்றதா?"

"அதை யார் பார்த்தா, மீட்டிங்ல எப்பவும் அணைச்சுத்தான் வெச்சிருப்பார்."

"வித்யா, லேப்டாப்பைப் பூஜைல வெச்சியோ?"

"பின்ன, வெக்காமயா?"

"பொட்டு எங்க இட்டே?"

"மேல நடுவுல. அண்ணா இடற மாதிரியே."

"ஒரு ஈரத்துணி எடுத்துண்டு வா. நீ தொடைக்காதே, சந்துரு கையிலே குடு. ஃபோனை ஸ்பீக்கர்ல போடு."