நாற்பத்து நான்கு பேர் பஸ்

சிங்கப்பூர், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்குப் புனிதா எழுதுவது. செலண்டாரில் நலமா, முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரம் ஓய்வு நாளிலும் ஃபேக்டரிக்குப் போய் இரண்டு நாள் லீவு வாங்கினேன். காலையில் மலாக்கா டவுனில் பொய்யாத விநாயகர் கோயில், மதியம் ஆசாஹான் அருவி; நீங்களும் நானும் மட்டும் என்றுதானே சொன்னேன்? நீங்கள் அதை நம் கோயில் கமிட்டியில் சொல்லி, நாற்பத்து நான்கு பேருக்கு பஸ் பிடித்துவிட்டீர்கள். கேட்டால், "எல்லாரும் ஆசப்படுறாங்க லா, எப்படிமா வேணாம்னு சொல்றது?" என்கிறீர்கள். அருவியிலும் நீங்கள் தலை எண்ணிக்கொண்டு, சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அம்மா போன பிறகு நாம் இருவரும் உட்கார்ந்து ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டதுண்டா?

அலமாரியில் இருக்கும் என் பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவாருங்கள். இங்கே வாங்கியது வழுக்கி, போன வாரம் படியில் விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, வீக்கம் வடிந்துவிட்டது.

ஃபேக்டரி வேன் வந்துவிட்டது. பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் எனக்கு. கமிட்டித் தலைவரே உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுவேன்.

மகள்,
புனிதா